கைராசியும் பதிவு எண்ணும்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குச் சிவப்பு முக்கோணம் நினைவிருக்கும். சுகாதார நிலையச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், பஸ்ஸின் முதுகு என்று எங்கு பார்த்தாலும் அந்த முக்கோணம். கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்'. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்பவர் கையில் பணம் கொடுக்கும் வழக்கத்தை 1950களின் பிற்பகுதியிலேயே நாட்டுக்குத் தொடங்கிக் காட்டியது அன்றைய சென்னை மாநிலம். ஊர் ஊராக ஜீப்பில் மைக் கட்டி, பிள்ளை பெற்றது போதும் என்று சொன்ன காலம் அது.

இன்று அதே சாலையில் கருத்தரிப்பு மைய விளம்பரங்கள் நிற்கின்றன. கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம், பெரிய எழுத்தில் ஒரு செல்போன் எண், 'இலவச ஆலோசனை முகாம்' என்று ஒரு வரி. பிள்ளை போதும் என்று சொன்ன சாலை, பிள்ளை இல்லையா என்று விசாரிக்கிறது.

2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்தக் குறைவையும் குழந்தையின்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. பெரும்பாலானவர்கள் ஒன்றோ இரண்டோ போதும் என்று விரும்பித்தான் நிறுத்துகிறார்கள். ஒன்றாவது வேண்டும் என்று ஏங்கியும் கிடைக்காதவர்கள் தனி. அவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்படிப்பட்டவர்கள் அன்று எந்த வாசலில் போய் நின்றார்கள், இன்று எந்த வாசலுக்குப் போகிறார்கள், அதை எதை நம்பித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால், வாசல் மாறிய அளவுக்குத் தேர்ந்தெடுக்கும் முறை மாறவில்லை என்பது தெரியும்.

"எதுனா விசேஷம் உண்டா?"

கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து இந்தக் கேள்வி ஆரம்பிக்கும். தண்ணீர்க் குழாயடியில், களத்துமேட்டில், மல்லாட்டை உரிக்கும் திண்ணையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வருஷம் ஒன்று திரும்பினால், "இன்னும் ஒரு புழு பூச்சி தங்கலையா?" என்று கேள்வியில் முள் முளைக்கும். மூன்று, நான்கு வருஷம் ஆனால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் பேச்சில்லாமல் நடக்கும். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அழைப்பு வராது. வந்தாலும் நலங்கு வைக்க அவள் பெயரைக் கூப்பிட மாட்டார்கள்.

போவதற்கு இருந்த வாசல்கள் சாமி வாசல்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை தவறாமல் போவார்கள். மயானக் கொள்ளையில் சூறைவிடும் தானியமும் கொழுக்கட்டையும் ஒரு பிடி மடியில் விழுந்தால் மடி நிறையும் என்பது நம்பிக்கை. மயிலம் முருகனுக்குச் சஷ்டி விரதம் இருந்து மலைப்படி ஏறுவார்கள். அம்மன் கோயிலில் தரையில் சோறு போட்டு மண்சோறு சாப்பிடுவார்கள். கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டுவார்கள். நடுவில் யாராவது ஒரு ஆயா சொன்னபடி மலைவேம்புச் சாறு.

இவை எதையும் இளக்காரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் வாயிலிருந்து தப்பித்து, தன் குறையைத் தலைநிமிர்ந்து சொல்ல அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே இடம் கோயில்தான். ஆனால் அங்கே போனது பெரும்பாலும் அவள் மட்டும். குறை அவளுடையது என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். சென்னை மாகாணம் 1949லேயே இருதார மணத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் தாரம் கட்டிய வீடுகள், அதுவும் மனைவியின் தங்கையையே கட்டிய வீடுகள், நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ. இரண்டாம் தாரத்துக்கும் பிள்ளை பிறக்காதபோதுகூட, ஆணைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பட்டணத்துக்குப் போன பாதை

உள்ளூரில் மருத்துவம் இல்லாமல் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெயர் பெற்ற பிரசவ டாக்டரம்மாக்கள் இருந்தார்கள். குழந்தையில்லை என்று போனால், 'கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம்' என்று டி அண்ட் சி செய்வார்கள். கர்ப்பப்பையின் உட்சதையில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க அது உதவியது. இந்தியாவில் கருக்குழாய் அடைத்துக்கொள்வதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஆனால் காரணம் வேறாக இருந்தவர்களுக்கும் அதே சுத்தம்தான். அதற்கு மேல் என்றால் வெளியூர்.

வெளியூர் என்றால் மூன்று இடம். இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருந்த புதுச்சேரி ஜிப்மர். வேலூர் சி.எம்.சி. சென்னை எழும்பூரில், 1844இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை. திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 160. விடிவதற்கு முன் பஸ் ஏறி, மத்தியானம் வரிசையில் நின்று, 'அடுத்த மாதம் தலைக்கு ஊற்றிய ரெண்டாம் நாள் வா' என்ற ஒரு வரி பதிலோடு ராத்திரி வீடு திரும்புவார்கள். அறுவடைக் காலத்தில் அந்த இரண்டாம் நாள் வந்தால் அந்த மாதம் போச்சு.

எந்த டாக்டரிடம் போவது என்பதை முடிவு செய்தது ஒரே ஒரு சொல்: கைராசி. "அந்த அம்மா கைராசிக்காரங்க, எங்க நாத்தனாருக்கு அவங்க கை பட்டுத்தான் தங்குச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும். படிப்பு, கருவி, செலவு எதையும் விசாரிப்பதில்லை. விசாரித்துத் தேர்ந்தெடுக்க நிறைய டாக்டர்கள் இருந்தால்தானே?

சோதனைக் குழாய் வந்த கதை

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த முதல் குழந்தை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரோடு ஆய்வகத்தில் கருவை வளர்த்தவர் ஜீன் பர்டி. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 3இல், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகவும் விடவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986 ஆகஸ்டில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் கொண்டுவந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்டாள். பின்னாளில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்த ஆனந்த் குமார், தன் பெருமையைத் தானே விட்டுக்கொடுத்து, முதலில் சாதித்தவர் முகர்ஜியே என்று எழுதினார்.

1990இல் சென்னை நுங்கம்பாக்கத்தில், ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. நம் பக்கத்துப் பத்திரிகை வாசகர்களுக்கு 'டெஸ்ட் டியூப் பேபி' என்ற சொல் வீட்டுச் சொல்லானது அப்போதுதான். அது சினிமாக்காரர் வீட்டுச் சங்கதி, பணக்காரர் வைத்தியம் என்றுதான் திண்ணையில் பேசிக்கொண்டார்கள்.

1992இல் பெல்ஜியத்தில் இன்னொரு கதவு திறந்தது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறை. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களும் தங்கள் சொந்தக் குழந்தைக்குத் தகப்பனாக முடியும் என்றானது. குழந்தையின்மைப் பாதிப்புகளில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது.

நம் கடற்கரைக்கு இந்த மருத்துவம் வேறொரு முகத்தோடும் வந்தது. 2004 டிசம்பர் சுனாமி மரக்காணம் பகுதி மீனவக் குப்பங்களையும் அடித்துப் போனது. தமிழகக் கடலோரம் முழுக்கப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்கான செலவை ஏற்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. குழாயைக் கட்டச் சொன்ன அரசு, கட்டியதை அவிழ்க்கப் பணம் கொடுத்த தருணம் அது. குழந்தை வேண்டும் என்பதும் ஒரு பொதுச் சுகாதாரத் தேவைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கே வந்த வாசல்

இன்று சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. சில, உள்ளூர் மகப்பேறு டாக்டர்கள் விரிவுபடுத்தியவை. சில, பெருநகர நிறுவனங்களின் கிளைகள். புதுச்சேரியில் இன்னும் அதிகம்.

இந்த நெருக்கத்தின் அருமையைச் சிகிச்சை எடுத்தவர்களிடம் கேட்க வேண்டும். ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக் குழாய் முறை ஒருநாள் வேலை இல்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. நடுவில் முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க நாலைந்து ஸ்கேன். முட்டைகள் முதிர்வதற்குக் கடைசி ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து முட்டையை எடுக்க வேண்டும். அரை நாள் பிசகினாலும் கைக்கெட்டியது போய்விடும். ஆய்வகத்தில் மூன்று அல்லது ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கர்ப்பப்பையில் வைப்பார்கள், அல்லது உறையவைத்து அடுத்த மாதங்களில் வைப்பார்கள். பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு, கர்ப்பம் தங்கியதா என்று பார்க்க ரத்தத்தில் பீட்டா பரிசோதனை. செஞ்சியிலிருந்தோ விக்கிரவாண்டியிலிருந்தோ வருகிற பெண், காலையில் ஸ்கேன் எடுத்துவிட்டு மத்தியானச் சமையலுக்கு வீட்டில் இருக்க முடிகிறது. சென்னையில் லாட்ஜில் மாதம் ஒன்று தங்கி, ஊரில் 'அக்கா வீட்டுக்குப் போயிருக்கா' என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. நகைக்கடன் சிகிச்சைக்கே போகிறது; லாட்ஜ் வாடகைக்குப் போவதில்லை.

ஆனால் பெயர்ப்பலகை ஊருக்கு வந்ததால் ஆய்வகமும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில கிளைகளில் ஆலோசனையும் ஸ்கேனும் ஊசியும் மட்டும் இங்கே. முட்டை எடுப்பதும் கருவாக்குவதும் பெருநகரத்துத் தலைமை மையத்தில். அது தவறில்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் சரி. பாதி ஊசி போட்ட பிறகு, 'நாளை மறுநாள் விடியற்காலை சென்னைக்கு வந்துவிடுங்கள்' என்று கேள்விப்படுவதுதான் தவறு.

கைராசி போய், போட்டோ வந்தது

அன்று விரல்விட்டு எண்ணும் டாக்டர்கள்தான் இருந்தார்கள், கைராசியை நம்பினோம். இன்று பத்து இடம் இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் குழந்தைப் போட்டோக்களைப் பார்த்து. கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து. யூடியூபில் இரட்டைக் குழந்தையோடு சிரிக்கும் தம்பதியைப் பார்த்து. கல்யாண மண்டபத்து இலவச முகாமில் அன்பாகப் பேசிய ஒருங்கிணைப்பாளரை நம்பி. பெயர் மாறியிருக்கிறது, இதுவும் கைராசிதான். சுவரில் இருப்பது வெற்றி பெற்றவர்களின் படம். வெறுங்கையோடு திரும்பியவர்களின் படத்தை எந்தச் சுவரும் ஒட்டுவதில்லை.

பிரசவத்தில் ஒரு டாக்டரின் கைத்திறன் பெரிய விஷயம். ஐ.வி.எஃப்.பிலோ பாதி வேலை, தம்பதி ஒருநாளும் பார்க்காத ஓர் அறையில் நடக்கிறது. அங்கே கருவை வளர்ப்பவர் எம்ப்ரியாலஜிஸ்ட் எனப்படும் கரு ஆய்வகர். 37 டிகிரி வெப்பமும் வாயுக்களின் அளவும் மாறாத இன்குபேட்டர், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டி, கோடை மின்வெட்டில் ஒரு நொடியும் அணையாத மாற்று மின்சாரம், தூசில்லாத காற்று. ஒரு கரு வாழ்வதும் வாழாததும் இவற்றைப் பொறுத்தது. டாக்டர் யார் என்று கேட்கும் நாம், ஆய்வகத்தில் யார் என்று கேட்பதில்லை.

'வெற்றி விகிதம் எழுபது சதவீதம்' என்று ஒரு பலகை சொன்னால், எதில் எழுபது என்று கேட்க வேண்டும். நூறு பெண்கள் ஊசி தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். சிலருக்கு முட்டை கிடைக்காது, சிலருக்குக் கரு உருவாகாது, சிலருக்கு வைக்க முடியாது. கரு வைத்தவர்களில் பீட்டா பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு பெரிதாகத் தெரியும். பாசிட்டிவ் ஆன பிறகும் சிலருக்குக் கலைந்துபோகும். தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு. அதுவும் வயதுவாரியாக. பல ஆண்டுக் கணக்கை அரசு அமைப்பே வெளியிடும் பிரிட்டனில், 35 வயதுக்குக் கீழே உள்ள பெண்களிடம்கூட, வைத்த கருக்களில் மூன்றில் ஒன்று அளவுக்குத்தான் பிரசவம் வரை போகிறது. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்று, அதற்கும் கீழே. அமெரிக்காவில் மையவாரியாக வெற்றிக் கணக்கை வெளியிட 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு

2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் மீறினால் தண்டிக்கச் சட்டம் இல்லை. அந்தக் குறை 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தால் தீர்ந்தது. 2022 ஜனவரி 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் சாதாரணத் தம்பதி தெரிந்துகொள்ள வேண்டியவை சில. மையங்கள் இரண்டு நிலையாகப் பதிவு செய்யப்படுகின்றன. முதல் நிலை மையம், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. வரை செய்யலாம். ஐ.வி.எஃப்., இக்சி செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். பதிவுக்கு ஐந்தாண்டு ஆயுள். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வயது 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்குவது மையத்தின் கடமை. எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம். கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்பு வரை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். என்ன சிகிச்சை நடந்தது என்று சான்று தர வேண்டும். மையத்துக்குள்ளேயே புகார்ப் பிரிவு இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொன்னால் அது குற்றம்.

கருமுட்டை தானம் பற்றிய விதி இன்னும் கறார். தருபவருக்கு வயது 23 முதல் 35. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் பெற வேண்டும். இந்தக் கறார் எதற்கு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. கைதானவர்களில் அவளைப் பெற்ற தாயும் ஒருவர். 'டோனர் முட்டை உடனே ஏற்பாடு செய்கிறோம்' என்று யாராவது சொன்னால், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது, நமக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கு நாம் செய்யும் முதல் நியாயம்.

பணமும் பட்டியலும்

அன்று நேர்த்திக்கடன்; இன்று மாதத் தவணை. ஒரு முறை ஐ.வி.எஃப். செய்யப் பொதுவாக ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகிறது. கால் காணி கரும்பு வைத்திருப்பவருக்கும், சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கும் இது சாதாரணத் தொகை இல்லை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலையான விலக்குப் பட்டியலிலேயே குழந்தையின்மைச் சிகிச்சை இருக்கிறது.

'பேக்கேஜ்' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தத் தொகைக்குள் ஊசி மருந்து உண்டா? மயக்க மருத்துவர் கட்டணம்? கருவை உறையவைக்கும் செலவு, வருடாவருடம் சேமிப்புக் கட்டணம், உறைந்த கருவை அடுத்த முறை வைக்கும் கட்டணம்? இதை எல்லாம் வரிவரியாக எழுதி வாங்காவிட்டால், ஒன்றரை லட்சம் என்று தொடங்கிய கணக்கு மூன்றில் போய் நிற்கும். கூடவே 'இதையும் செய்தால் வாய்ப்பு கூடும்' என்று துணைச் சிகிச்சைகள் நீட்டப்படும். கர்ப்பப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 1,300க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தபோது, சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. கூடுதலாக எதைச் சொன்னாலும், 'இதற்கு ஆதாரம் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்ற இரண்டு கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. எல்லோருக்கும் ஐ.வி.எஃப். தேவையில்லை. நீர்க்கட்டி இருக்கும் இளம்பெண்கள் பலருக்கு எடையைக் குறைப்பதும் மாத்திரையுமே போதுமானதாக இருக்கலாம். இரண்டு குழாயும் அடைத்திருந்தால் ஐ.யு.ஐ. செய்து பயனில்லை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 'இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்' என்பதும் தவறான ஆலோசனை ஆகலாம். முதல் சந்திப்பிலேயே, பரிசோதனை முடிவு எதுவும் வராமல், ஐ.வி.எஃப். தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மாறாதது

ஐம்பது வருஷத்தில் இவ்வளவு மாறியும் ஒன்று அப்படியே இருக்கிறது. பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், குழாய் டெஸ்ட் எல்லாம் முடிந்து, கோப்பு தடிமனான பிறகுதான் பல வீடுகளில் ஆணின் விந்தணுப் பரிசோதனை நடக்கிறது. ஊசியில்லை, வலியில்லை, சில நூறு ரூபாய். இருப்பதிலேயே எளிய பரிசோதனை அதுதான். "எங்க பையனுக்கு ஒரு குறையும் இல்ல" என்ற மாமியாரின் ஒரு வரி அதை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. முப்பது வயதில் தெரிந்திருக்க வேண்டியது முப்பத்தாறில் தெரியும்போது, பெண்ணின் முட்டைக் கையிருப்பும் குறைந்திருக்கும். கோயிலுக்கு அவளை மட்டும் அனுப்பிய வீடு, இன்று மருத்துவமனைக்கும் அவளைத்தான் முதலில் அனுப்புகிறது.

ஆகவே தேடிப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். முதல் முறை போகும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில் பரிசோதனை நடக்கட்டும். மையத்தின் பதிவு எண்ணையும், அது இரண்டாம் நிலைப் பதிவா என்பதையும் கேளுங்கள். ஒன்றிய அரசின் தேசியப் பதிவேட்டு இணையதளத்தில் சரிபாருங்கள். ஆய்வகம் இந்தக் கட்டடத்திலா, கரு ஆய்வகர் தினமும் இருப்பவரா, வந்துபோகிறவரா என்று கேளுங்கள். என் மனைவியின் வயதில் போன வருஷம் எத்தனை பேர் தொடங்கி, எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று கேளுங்கள். செலவை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கேன் தாளின் நகலையும் வீட்டில் வையுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கான இடம் இல்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் மயிலத்துக் கூலித் தொழிலாளிக்கு எழும்பூர் இன்றும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு கருத்தரிப்பு மையம் வர வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொரு மையத்தின் பிரசவக் கணக்கையும் வயதுவாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஊராக மைக் கட்டிய அரசுக்கு இது முடியாத வேலை இல்லை. அதுவரை, கைராசியை நம்பிப் போகாதீர்கள். காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள்.